பின்னால் உட்கார்ந்திருந்தவள் எழுதுவது

எய்யா செல்வம்,

உன் கடிதம் நேற்றுக் கொழும்புக் கப்பல் தபாலில் வந்தது. கண்டியில் மழை எப்படி, உன் சளி விட்டதா என்றுதான் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில் பிரித்தேன். முதல் பக்கத்தில் அதெல்லாம் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்துப் பாக்டரிகளுக்கெல்லாம் போய்வரக் கம்பெனி உனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் தருவதாகச் சொன்னதையும், நீ வேண்டாம் என்றதையும், அதனால் அதோடு வரவிருந்த பெரிய வேலை வேறொருவருக்குப் போகப் போவதையும் எழுதியிருந்தாய். அதோடு விட்டிருந்தால் நானும் உன் இஷ்டம் என்று பதில் போட்டிருப்பேன். ஆனால் கீழே ஒரு வரியை எழுதி, அடித்து, மறுபடியும் அதையே எழுதியிருக்கிறாய். 'அன்றைக்கு நான் ஏன் நடு ரோட்டில் நிறுத்தினேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை அம்மா. தெரியாத வரைக்கும் வண்டியைத் தொட மாட்டேன். தை மாதம் கட்டிக்கொள்ளப் போகிறவளையும் என் பின்னால் ஏற்ற மாட்டேன்.' அடுப்பில் இருந்த உலை கொதித்து வழிந்ததைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் பார்த்தேன். நீ ஏன் நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியும், எய்யா. இரண்டு வருஷமாகத் தெரியும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். வண்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, துறைமுகத்தில் விசைப்படகு பழுதுபார்க்கும் லாஞ்சு ஒர்க்‌ஷாப்பில் உன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், பச்சைப் பெயிண்டு உரிந்த அந்த மோட்டார் சைக்கிளைத் தெருவழியே தள்ளிக்கொண்டு வந்தாய். ஒரு மாதம் அது முற்றத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது. குளிக்கப் போனால் எண்ணெய் மிதிப்பேன், சோறு பொங்கப் போனால் திருகாணி மிதிப்பேன். அது உறுமிக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "இனிமே நீ மாட்டுவண்டிக்குக் காத்துக் கெடக்க வேண்டாம்மா. நோவுன்னு ஆள் வந்தா நான் கொண்டுபோய் விடுதேன்." முனிசிபாலிட்டி மருத்துவச்சி மகன் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். உன் அப்பா இறந்தபோது உனக்கு எட்டு வயது. அதன்பிறகு என்னைப் பார்த்து யாரும் பொறாமைப்படும்படி எதுவும் நடந்ததில்லை. அந்த வண்டியில் போகும்போதுதான் அது நடந்தது. உன் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கித் தந்த தோல் செருப்பையும் அந்தப் பயணங்களில்தான் போடுவேன். மற்ற நாளெல்லாம் பழையபடி வெறுங்காலோடுதான் நடந்தேன்.

அன்றைக்கு ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். விடிகிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வெயில் ஏறும்வரை இருந்து, தாய்க்கு ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். அவர்கள் வீட்டில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். நீ அடுப்பு சூட்டிலேயே அதை வாங்கிக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாய். உன் ஞாபகம் அங்கேயே நின்றுவிட்டது என்று நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். அதற்குப் பிறகு நடந்ததை இப்போது நான் சொல்லுகிறேன், கேள்.

இரண்டு பக்கமும் பருத்திக் காடு. நமக்குப் பின்னால் ஒரு லாரி, மில்லுக்குப் பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு வந்தது. எதிரே மாட்டுவண்டிகள் வரிசையாக வந்ததால் அது நம்மைத் தாண்டிப் போக முடியாமல் பின்னாலேயே வந்தது. எனக்கு அதன் சத்தம் நன்றாகக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது என்பதை நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது என் வலதுகால் செருப்பு கழன்று விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், அது ரோட்டில் கிடந்தது. வேறொன்றும் யோசிக்கவில்லை. உன் சட்டையை முதுகோடு கொத்தாகப் பிடித்து இழுத்து, "நில்லுய்யா, நில்லு நில்லு" என்று கத்தினேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். அம்மா கத்தினால் எந்தப் பிள்ளையும் நிறுத்துவான். நீயும் நிறுத்தினாய். அவ்வளவுதான் நீ செய்தது.

லாரி இடித்த சத்தம் எனக்கு நினைவில்லை. நான் ஓரத்தில் உழுது போட்டிருந்த கரிசலில் போய் விழுந்தேன். முழங்கை சிராய்த்ததோடு சரி. நீ தூரத்தில் மைல்கல்லுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தாய். எத்தனையோ பிள்ளைகள் மூச்சுவிடாமல் பிறந்து பார்த்திருக்கிறேன், நாடி பிடிக்கத் தவறியதில்லை. உன்னைப் புரட்டிப் போட்டுக் கைநாடி பிடிக்கப் பார்த்தபோது என் விரலுக்கு நாடியே அகப்படவில்லை. லாரிக்காரர் இறங்கி ஓடிவந்து கழுத்தில் கைவைத்துப் பார்த்து, "உசிர் இருக்கு தாயி, உசிர் இருக்கு" என்றார். மாட்டுவண்டிக்காரர்களைக் கூப்பிட்டு, உன்னைக் கதவுப் பலகை மாதிரி நேராகத் தூக்கச் சொல்லி, பொதிகளுக்கு மேலே படுக்க வைத்தார். உன் தலை என் மடியில் இருந்தது. மில்லுக்குப் போகவேண்டிய லாரி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தது. உன்னை உள்ளே கொண்டு போட்டதும் அவர் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், நான்தான் இடித்தேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் பெயர் சுடலைமுத்து. கேஸில் இருந்த பெயராக மட்டும் உனக்கு அவரைத் தெரியும்.

தலையில் அடி, வலது தோளெலும்பு முறிவு, நினைவு திரும்பினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். அன்று பிற்பகலே சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த வருஷம்தான் அவர் வீட்டில் நான் பிரசவம் பார்த்திருந்தேன். எனக்கு ஸ்டூல் எடுத்துப்போட்டு, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் கேட்டார். ரோட்டில் வந்துகொண்டிருந்தோம், லாரி பின்னால் வந்து இடித்துவிட்டது என்று சொன்னேன். இது நிஜம். பிறகு அவர், வண்டியைத் திடீரென்று நிறுத்தினீர்களா, அந்த ஆள் அப்படிச் சொல்லுகிறான் என்றார். நான் "இல்லை" என்றேன். யோசித்துச் சொன்னதாகக்கூட இல்லை. உன் தலைக்கட்டில் ரத்தம் கசிந்து பரவுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார், நான் கையெழுத்துப் போட்டேன். மருத்துவச்சி அம்மாள் சொல்லில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எத்தனையோ வீட்டில் நடுராத்திரி கதவைத் தட்டினால் எழுந்து போய்ச் சம்பாதித்த பெயர் அது. அன்றைக்கு அதை ஒரு நல்ல மனிதரைப் பூட்டி வைக்கப் பயன்படுத்தினேன்.

மறுநாள் உச்சிப்பொழுதில் நீ கண்ணைத் திறந்தாய். அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் இடது கைவிரல்கள் போர்வையைத் தடவின. பிறகு இமை அசைந்தது. என்னைக் கொஞ்சநேரம் யாரோ போலப் பார்த்தாய். "உனக்கு ஒண்ணும் ஆவலியேம்மா?" என்று கேட்டாய். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டேன். அங்கே நின்று அழுததில் பாதி சந்தோஷம். மீதிப் பாதி என்ன என்று உனக்கு இப்போது தெரியும். திரும்பி வந்தபோது, நான் என்ன செய்தேன், எப்படி விழுந்தோம் என்று கேட்டாய். "நீ ஒண்ணும் செய்யலய்யா, சும்மா கெட" என்றேன். அப்போதே மீதியையும் சொல்லியிருக்கலாம். உடம்பு தேறட்டும் என்று தள்ளிவைத்தேன். அதற்குள் வார்டில் யாரோ, நீ நடு ரோட்டில் திடீரென்று நிறுத்தினாய் என்று லாரிக்காரர் ஸ்டேஷனில் சொன்ன கதையை உன் காதில் போட்டுவிட்டார்கள். "நான் நிப்பாட்டுனேனாம்மா?" என்று நீ கேட்டபோது மருந்து வாங்கப் போவதாகச் சொல்லி எழுந்துபோய்விட்டேன். நீ அதை மனசில் போட்டு மூடிக்கொண்டாய் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. உன் மௌனத்தை நான் வலி என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண் தூக்குச்சட்டியோடு வார்டு வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். உள்ளே வரலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றதால் நானே எழுந்து போனேன். "தம்பி கண்ணு முழிச்சிட்டாவளா?" என்று கேட்டாள். முழித்துவிட்டான், கஞ்சி குடிக்கிறான் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். "நொய்க்கஞ்சி கொண்டாந்திருக்கேன். சூடா இருக்கு" என்று சட்டியை நீட்டினாள். நீ யாரம்மா என்று கேட்டேன். லாரிக்காரர் சம்சாரம், பேச்சியம்மாள் என்றாள். புருஷன் லாக்கப்பில் இருப்பதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கேஸை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. உன் கட்டில் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, சட்டியை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டாள். அவள் கெஞ்சியிருந்தால் நான் தாக்குப்பிடித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. சண்டை போட்டிருந்தால் இன்னும் சுலபம். அந்தக் கஞ்சியை நீ ருசித்துக் குடித்தாய். நான் ஸ்பூனைப் பிடித்து ஊட்டினேன்.

நீ தூங்கியதும் ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டரிடம் செருப்பு விழுந்ததையும் நான் கத்தியதையும் சொன்னேன். அவர் பேனாவை எடுக்கவே இல்லை. "அம்மா, எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப மாத்துனா உங்க வேலைக்கே ஆபத்து வரும். பையன் பிழைச்சுக்கிட்டான்லா, பேசாம போங்க" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் அவர் மேஜைக்கு முன்னாலேயே நின்றேன். "உங்க பிள்ளை பொறந்த அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் நம்புனீங்கல்லா? இதையும் நம்பி எழுதுங்க" என்றேன். அவர் வேறு தாள் எடுத்தார்.

பிறகு நடந்ததெல்லாம் நீ தோளில் கட்டோடு படுத்திருந்த நாட்களில் நடந்தது. உன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், இதை உன்னிடம் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எல்லாருக்கும் முன்னால், முதலில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார். "பயந்துட்டேன் ஐயா" என்றேன். படித்த பெண், ஊர் நம்புகிற பெண் இப்படிச் செய்யலாமா என்று சத்தம் போட்டார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். சுடலைமுத்துவை, முன்னால் போகிற வண்டியை இனி இத்தனை ஒட்டிப் போகாதே என்று எச்சரித்து விட்டுவிட்டார். முனிசிபாலிட்டியில் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். இரண்டு மாதம் வெளிப்பிரசவத்துக்கு அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு, அதனால்தான் இங்கேயே போட்டிருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னேனே, அது இன்னொரு பொய். வேலை போகவில்லை. அவர் சிறைக்குப் போகவில்லை. முதலாளி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். உன் தோள் கூடிற்று. சாயங்காலம் விளக்கேற்றும்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, இவ்வளவோடு போயிற்றே என்று எத்தனை நாள் மூச்சுவிட்டிருக்கிறேன் தெரியுமா. விட்ட மூச்சு முழுசாக வெளியே வராமல் எங்கேயோ ஒரு இடத்தில் நின்றுகொள்ளும். அந்த இடம் நீ.

கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சுடலைமுத்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கேட்கவிடவில்லை. "நானும் ஒட்டித்தான் வந்தேன் தாயி. கொஞ்சம் தள்ளி வந்திருந்தா பிரேக்கு பிடிச்சிருக்கும். உங்க மேல பாதி, என் மேல பாதி. தம்பி மேல ஒண்ணும் கெடையாது" என்றார். உனக்கு நான் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டிய வார்த்தை அது. ஆஸ்பத்திரிக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தாய். இடது கையால் ஒரு சுளையை எடுத்து முதலில் எனக்கு நீட்டினாய். நான் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

போலீசுக்குச் சொன்னேன், கோர்ட்டில் சொன்னேன், ஆபீசில் எழுதிக்கொடுத்தேன். உன்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நேற்றெல்லாம் நானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நான் தாங்குவேன். நீ கண் முழித்ததும் கேட்டாயே ஒரு கேள்வி, அதைக் கேட்ட பிள்ளைக்கு முன்னால் அடிபட்ட அம்மாவாகவே இருந்துவிட ஆசைப்பட்டேன். அடிபட வைத்தவளாக ஆக எனக்குத் துணிவு இல்லை. உனக்கு ஒன்பது வயதில் நடந்தது நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் தெர்மாமீட்டரை நான் நம் வீட்டில் கைதவறிப் போட்டு உடைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, பயம். பையன் விளையாடி உடைத்துவிட்டான் என்று சொன்னேன். அந்த அம்மாள் உன்னைத் திட்டினாள். நீ என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, "இனிமே தொட மாட்டேன்" என்று சொன்னாய். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. தொடாத பொருளைத் தொடமாட்டேன் என்று சொன்ன பிள்ளை, இப்போது செய்யாத தப்புக்கு வண்டி தொடமாட்டேன் என்கிறாய். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்தப் பழைய முகம்தான் தெரிந்தது. நான் உன்மேல் போட்டதையெல்லாம் பேசாமல் சுமக்க உன்னைப் பழக்கியவள் நான்தான். இனிமேல் அப்படிச் சுமக்காதே, எய்யா. கேள். அம்மாவாக இருந்தாலும் சரி, மேலதிகாரியாக இருந்தாலும் சரி, 'இந்தத் தப்பு என்னுடையதா, உன்னுடையதா' என்று கேட்டுவிடு.

வரப்போகிற பெண்ணிடமும் அப்படியே இரு. கல்யாணம் ஆன புதிதில் ஒருவர் முகத்தில் ஒருவர் நல்லவராகவே தெரியவேண்டும் என்று தோன்றும். உன் அப்பாவுக்கும் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பழக்கம் கடைசிவரைக்கும் விடவில்லை, அவர் இறந்த அந்தக் காய்ச்சலையும் ஒரு வாரம் என்னிடம் மறைத்தார், நான் பயப்படுவேன் என்று. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று தெரியாது. ஆனால் அந்த ஒரு வாரம் நான் அவர் பக்கத்தில் இருந்திருப்பேன். நல்லவனாகத் தெரிவதற்காக அவளை அந்த மாதிரி வெளியே நிறுத்திவைக்காதே. தப்பு நடந்த அன்றைக்கே சொன்னால் ஒரு சண்டையோடு போகும். நான் தள்ளிப்போட்டதில் அது உன் வேலைவரைக்கும் வந்து நிற்கிறது.

இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன் நேற்றுச் சாயங்காலம் பருத்திப் பொதி அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் போய்ச் சுடலைமுத்துவைப் பார்த்தேன். லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். உன் கடிதத்தில் அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார். "ரெண்டு வருசமா தம்பி இதைச் சொமந்துக்கிட்டா இருக்காவ? நீங்க அன்னைக்கே சொல்லியிருப்பீங்கன்னுல்லா நெனச்சேன்" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு கோபத்தை நேற்றுத்தான் கேட்டேன். ஜாமீனில்லாமல் உள்ளே இருந்தபோதுகூட என்மேல் வராத கோபம். பிறகு தணிந்து, "இன்னைக்கே எழுதுங்க தாயி. நம்பலைன்னா தைமாசம் நான் நேர்ல வந்து சொல்லுதேன்" என்றார். உன் கல்யாணத்துக்கு அவரையும் பேச்சியம்மாளையும் அழைத்துவிட்டேன். நீ வேண்டாம் என்று சொல்லமாட்டாய்.

உன் கம்பெனிக்காரரிடம் நாளைக்கே போய், அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று கேள். இல்லாவிட்டால் போகட்டும், வேறு வரும். என்மேல் கோபம் வந்தால் கோபமாகவே எழுது, நான் படிப்பேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. எனக்கு என்னமோ இப்போது ஒரு பெரிய பிரசவம் முடிந்து, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லிவிட்டுக் கைகழுவ எழுந்தது போல இருக்கிறது. காலையிலிருந்து இரண்டு தடவை சோறு சாப்பிட்டுவிட்டேன்.

தையில் நீ கப்பலைவிட்டு இறங்குகிறபோது உன் பழைய ஒர்க்‌ஷாப் கூட்டாளிகளிடம் ஒரு மோட்டார் சைக்கிள் கேட்டு வைத்திருப்பேன். கல்யாண வேலையெல்லாம் இருக்கட்டும். முதலில் நாம் இரண்டு பேரும் திருச்செந்தூர் ரோட்டில், ஆற்றுப்பாலம் வரைக்கும் போய்வருவோம். ஊர் பார்க்கட்டும், அந்தப் பெண் வீட்டாரும் பார்க்கட்டும். நான் உன் பின்னால் உட்காருவேன். என்ன விழுந்தாலும் சரி, நீயாக நிறுத்துகிறவரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்.

உன் வரவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற,
அம்மா